போக்கரை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: மகனுக்கு 24 வயது. நாகர்கோவிலில் கம்பெனி வேலை. செல்போனில் போக்கர் என்ற சீட்டாட்டத்தைப் பணம் கட்டி ஆடி ஜெயித்தானாம். தடைச் சட்டத்தால் அது நின்றதும், வேலையை விட்டு கோவா கேசினோவில் போய் ஆடப்போகிறேன் என்கிறான். "பத்தாயிரம் கை ஆடி லாபத்தில் நிற்கிறேன்" என்கிறான். நம்பலாமா?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: அம்மா, அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பத்தாயிரம் கை போதாது (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை). நல்ல ஆட்டக்காரர் 100 கைக்கு 5 பிக் பிளைண்ட், அதாவது மேசையில் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயத்தைப் போல ஐந்து மடங்கு, சம்பாதிக்கிறார் என்று வைப்போம். அதே 100 கையில் 90 பிளைண்ட் ஏறி இறங்குவது சாதாரணம். 10,000 கைக்கு எதிர்பார்க்கும் லாபம் 500 பிளைண்ட், ஏற்ற இறக்கமோ 900. இந்தக் கணக்கில் நன்றாக ஆடுகிறவர்களிலேயே பத்துக்கு மூன்று பேர் அப்போது நஷ்டத்தில் இருப்பார்கள். ஆடத் தெரியாத பலர் லாபத்தில் இருப்பார்கள். ஒரு லட்சம் கை தாண்டினால்தான் நல்லவர் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு 100க்கு 4 ஆகக் குறையும்.

செல்போனில் ஒரு மேசையில் மணிக்கு 60 கைக்கு மேல் ஓடும். ஆள் சீட்டுப் போடும் மேசையில் 25, 30 கைதான். மணிக்கு 30 என்றாலும் ஒரு லட்சம் கைக்கு 3,300 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 400 நாளுக்கு மேல். தன் திறமை என்னவென்று தெரியவே அவ்வளவு காலம் ஆகும். அதுவரை சாப்பாடு, வாடகை, ரயில் செலவு எல்லாம் கையிலிருந்து.

முதல் பணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். சின்ன பிளைண்ட் 50, பிக் பிளைண்ட் 100 ரூபாய் என்ற மேசையில் ஒருமுறை உட்கார 10,000 ரூபாய். அதில் 40 மடங்கு, அதாவது 4 லட்சமாவது ஆட்டத்துக்கென்று தனியாக வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு வருடப் பணம் அதில் சேராது. மழையில் ரப்பர் பால் வெட்டு நிற்கும் மாதங்களுக்கு நீங்கள் எடுத்து வைப்பீர்களே, அதுபோல. நகையை ஈடு வைத்த பணத்தில் ஆடுகிறவர் பயந்து ஆடுவார். பயந்தவர் நல்ல கையையும் மடக்கிவிடுவார்.

வரிதான் பலர் மறப்பது. சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீதம், அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2. கட்டிய நுழைவுப் பணத்தைக் கழிக்க முடியாது, தோற்றதை ஈடுகட்டவும் முடியாது. தலா 50,000 கட்டி நான்கு போட்டி ஆடி, ஒன்றில் 3 லட்சம் வென்றால் கையில் லாபம் ஒரு லட்சம். வரி 93,600. மிச்சம் 6,400.

வேலையை விடச் சம்மதிக்காதீர்கள். விடுமுறையில் போய் வரட்டும். காந்திதாம் ரயில் கோவாவின் மட்காவ் வழியாகத்தான் போகிறது. தேதி, மணி நேரம், கட்டியது, எடுத்தது, பயணச் செலவு எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோற்ற நாளை எழுதாமல் விட்டிருந்தால் அந்த நோட்டு செல்லாது.

கேள்வி: காசில்லாமல் நண்பர்களோடு ஆடுகிறோம். ஃப்ளாப்பில் (மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டு திறந்ததும்) ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைந்தால் கால் பண்ணலாமா (எதிராளி வைத்த அளவு போட்டுத் தொடரலாமா)?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, உங்கள் இனத்தில் மிச்சம் 9 சீட்டு, பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டில் வர வாய்ப்பு 19 சதவீதம். இரண்டு சீட்டும் பார்த்தால் 35. பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ், 1,000 இருக்க, எதிராளி 500 வைத்தால் நீங்கள் 500 போட்டு 2,000க்கு ஆடுகிறீர்கள். வெல்லும் வாய்ப்பு 25 சதவீதமாவது வேண்டும். அவர் ஆல்-இன், அதாவது கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்துவிட்டார் என்றால் 35 இருக்கிறது, கால் பண்ணுங்கள். அவரிடம் இன்னும் சிப்ஸ் இருந்தால் டர்னில், அதாவது நாலாவது பொதுச் சீட்டில், மறுபடி பந்தயம் வரும்; அப்போது கையில் 19தான். ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் 610 ஆவது எடுக்க முடிந்தால்தான் அந்த 500 சரி. உங்கள் ஃப்ளஷ் சின்னதென்றால் அந்த 610 எதிர்த்திசையில் போகும்.

கேள்வி: வெளிநாட்டு ஆப்பில் ஏஜென்ட் மூலம் பணம் கட்டி ஆடலாமா? என் பணம் கொஞ்சம் உள்ளே இருக்கிறது.
– குளச்சல் வாசகர்

பதில்: வேண்டாம். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தையே தடை செய்கிறது. வங்கிகளும் அதற்குப் பணம் அனுப்பக் கூடாது. ஏஜென்ட் ஏமாற்றினால் நீங்கள் போய்க் கேட்க ஆளில்லை. உள்ளே இருப்பதை எடுக்க முயலுங்கள். "எடுக்க முதலில் இவ்வளவு கட்டு" என்றால் ஒரு ரூபாயும் கட்டாமல், ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.