பழைய ஏடிஇ 352 எஞ்சினுக்கு டீசல் பம்பைக் கூட்டிவிட்டால் போதுமா?

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஓடும் பழைய மெர்சிடஸ் லாரி, தென்னாப்பிரிக்காவின் அட்லாண்டிஸ் ஊரில் செய்த ஏடிஇ 352 எஞ்சின், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) கிடையாது, வழியில் வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, பம்பில் டீசலைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. கரும்புகைதான் கூடும். அந்தக் கணவாய் சுமார் 1,700 மீட்டர் உயரம். கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எரிக்கக் காற்று இல்லாத இடத்தில் டீசலை ஊற்றினால் புகைபோக்கிச் சூடு ஏறி பிஸ்டன் தலை உருகும். இந்த எஞ்சின் புதிதிலேயே சுமார் 130 குதிரைத்திறன்தான். பலம் வேண்டுமென்றால் காற்று வேண்டும், அதாவது டர்போ. ஆனால் தேய்ந்த எஞ்சினில் டர்போ மாட்டுவது வீண் செலவு.

அதனால் முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான எஞ்சின் அங்கே புகையைத் தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) போய்விட்டன. எஞ்சினைப் பிரித்ததும் போரை மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் பெரும்பாலும் மேல் ரிங் நிற்கும் இடத்தில்தான். 97 மி.மீ. போரில் மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.4 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. டர்போ சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டினால் போரைக் கீறிவிடும். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். பட்டறையில் பலர் தாண்டிப் போகும் இடம் அதுதான்.

பிஸ்டன் டர்போவுக்கான செட், 16:1 அழுத்த விகிதத்தில் வாங்குங்கள். சாதாரண செட் 17:1. பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் ஜெட் இல்லாத பிளாக் என்றால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.5 பாரோடு நில்லுங்கள். ஜெட் இருந்தால் 0.7 வரை போகலாம். டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி பொருத்துங்கள். நீண்ட ஏற்றத்தில் முள் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கியரைக் குறைக்க வேண்டும், 700 ஆபத்து.

டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் அகலமாக, வளைவில்லாமல், நேர் கீழாகச் சரிந்து சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மெல்லிய ரப்பர் குழாய் போட்டு மிச்சம் பிடித்தால் ஆயில் தேங்கி சீலைத் தாண்டும், நீலப் புகை வரும். அப்புறம் டர்போவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியில்தான் பம்ப். சோதனை பெஞ்சில் ஏற்றி ஆறு சிலிண்டருக்கும் சமமாக அளந்து 15 முதல் 20 சதவீதம் கூட்டச் சொல்லுங்கள். பூஸ்ட் வராமல் டீசலைக் கூட்டாத டயஃப்ரமும் வேண்டும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொடாதீர்கள். 160 குதிரைத்திறன் பக்கம் வந்தால் போதும். பழைய கிளட்ச்சும் ரேடியேட்டரும் அதற்கே திணறும்.

எஞ்சினை லாரியில் மாட்டியதும் வெறுமனே ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிட்டால் போர் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப்போய் ரிங் உட்காராது. பாதிச் சுமையோடு பீட்டர்மரிட்ஸ்பர்க் வரை ஏற்றி இறக்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயில், ஃபில்டர் மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் ஸ்பேனர் வைத்து இறுக்கி, வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்.