ஏஸ், ஊஞ்சல் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

துணைப்பாத்திரங்கள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவள் 'ஜஸ்டிஸ் லீக்' கார்ட்டூன் தொடரின் ஏஸ். போன வாரம் மட்டும் அவள் சாகும் எபிசோடை மூன்று முறை பார்த்துவிட்டேன். அப்பத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ராத்திரித் துணைக்கு நான்தான். வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் பார்ப்பேன்.

என் கேள்வி இதுதான். லீக் என்கிற அந்தச் சூப்பர்ஹீரோக்கள் கூட்டத்தில் டாக்டர் ஃபேட் மாதிரி மந்திரவாதிகள் இருக்கிறார்கள். மனதுக்குள் நுழையக்கூடிய ஜான் ஜோன்ஸ் இருக்கிறார். இத்தனை பேர் இருந்தும் அவளைக் காப்பாற்ற யாருமே முயலவில்லையே, இது கதையில் பெரிய ஓட்டை இல்லையா? அப்புறம், க்ளேஃபேஸ் கதையில் வரும் அன்னிதான் ஏஸைவிடச் சோகமான பாத்திரம் என்று நினைக்கிறேன். கடைசியாக, கார்ட்டூனை இலக்கியத்துக்குச் சமமாக வைத்துப் பேசலாமா?

க.
மதுரை

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். பேசலாம். மூன்று முறை பார்த்து முடித்துவிட்டு என்னிடம் வந்து அனுமதி கேட்காதீர்கள், எரிச்சலாக இருக்கிறது.

அன்னியும் சரிதான். களிமண் மனிதனான க்ளேஃபேஸ் வேவு பார்க்கத் தன்னிலிருந்து பிய்த்து அனுப்பிய ஒரு துண்டு, சிறுமியாகி, தனக்கென்று ஒரு மனமும் வந்து, கடைசியில் பேட்மேனின் கூட்டாளியான ராபின் கண்முன்னாலேயே திரும்ப அவனுக்குள் கரைந்துபோகிறது. 1998-ல் வந்த கதை. ஆனால் யார் அதிகச் சோகம் என்று மார்க் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

ஏஸை நம் வாசகர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் இரண்டு வார்த்தை. சீட்டுக்கட்டில் ஒரே ஜாதியில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் ஐந்தும் கையில் வந்தால் போக்கர் ஆட்டத்தில் அதற்கு ராயல் ஃப்ளஷ் என்று பெயர். அந்தப் பெயரில் ஐந்து பேர் கொண்ட ஒரு கும்பல். அதில் ஆஸ், இங்கிலீஷில் ஏஸ், இந்தச் சிறுமிதான். 2003-ல் முதலில் வருகிறாள். அவள் கண்ணைப் பார்த்தால் பார்த்தவருக்குப் புத்தி பேதலித்துவிடும். சின்ன வயதிலேயே அரசாங்கம் அவளை ஒரு கூடத்தில் அடைத்து ஆயுதமாகப் பழக்குகிறது. அங்கிருந்து பேட்மேனின் எதிரியான ஜோக்கர் அவளைக் கிளப்பிக்கொண்டு போகிறான். லாஸ் வேகஸ் நகரம் முழுக்க வெடிகுண்டு வைத்து, அதை டிவியில் நேரலையாகக் காட்டி, ஊரே கண்கொட்டாமல் பார்க்கிற நேரத்தில் கேமராவை அவள் முகத்துக்குத் திருப்புகிறான். குண்டு வெறும் கூட்டம் சேர்க்கத்தான். ஆனால் அவளைக் கட்டுப்படுத்த அந்தக் கூடத்தில் தலையில் மாட்டிவைத்திருந்த பட்டையை அவனும் ரகசியமாகக் கூடவே வைத்திருக்கிறான். அது தெரிந்ததும் அவள் ஜோக்கரையே திரும்பிப் பார்க்கிறாள். அத்தோடு அவன் புத்தியும் போயிற்று.

நம்மூர் இருபத்தெட்டு ஆட்டத்தில் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கு ஒன்றே ஒன்று. இந்தப் பெண்ணுக்குத் தொடரில் கிடைத்த இடமும் ஏறக்குறைய அதுதான்.

நீங்கள் பார்த்தது 2005-ல் வந்த 'எபிலாக்'. டுவைன் மெக்டஃபி எழுதியது. இப்போது அவளால் சுற்றியிருக்கும் உலகத்தையே இஷ்டத்துக்கு மாற்ற முடியும். மூளையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. இன்னும் சில மணி நேரம்தான். சாகும்போது அவள் சக்தி கட்டவிழ்ந்தால் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் போய்விடுவார்கள். அதற்குமுன் அவளை முடித்துவிட அமண்டா வாலர் என்கிற அரசாங்க அதிகாரி ஒரு கருவியைத் தருகிறாள். பேட்மேன் அதை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போகிறான்.

உள்ளே ஊஞ்சலில் ஒரு சிறுமி. அவன் அந்தக் கருவியைப் பயன்படுத்த மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், மனதைப் படித்துவிட்டாள். தன்னிடமிருந்து குழந்தைப் பருவத்தைப் பறித்துவிட்டார்கள் என்கிறாள். பயமாக இருக்கிறது, கூட இருப்பாயா என்று கேட்கிறாள். அந்தப் பெரிய ஆள், கறுப்பு அங்கியும் முகமூடியுமாக, பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான். பிறகு அவளைக் கையில் ஏந்தி வெளியே வருகிறான்.

இதில் உங்களுக்குத் தெரிந்தது ஓட்டை!

கோபம் வருகிறது, மறைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு சக்தி, யார் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டே உங்கள் தலைமுறைக்குக் கதை கேட்கும் காது அடைத்துவிட்டது. சரி, டாக்டர் ஃபேட் வந்திருக்கலாம். வந்திருந்தால் அவள் யார்? குணமாக்க வேண்டிய ஒரு கேஸ். பிறந்ததிலிருந்து அவளிடம் வந்தவர்கள் எல்லாரும் அவளை எதற்கோ தயார் செய்ய வந்தவர்கள். கூடத்துக்காரர்கள் பழக்கினார்கள், ஜோக்கர் பயன்படுத்தினான், வாலர் தீர்த்துக்கட்டப் பார்த்தாள். அவளை ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் பேட்மேன்தான். அதுவும் லீகில் எந்தச் சக்தியும் இல்லாதவன். பறக்கத் தெரியாதவனை, மந்திரம் தெரியாதவனை மெக்டஃபி உள்ளே அனுப்பியது மறந்துபோய் அல்ல.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கதையை பேட்மேன் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, கிழவியாகிவிட்ட வாலர் அடுத்த தலைமுறை பேட்மேனுக்குச் சொல்கிறாள். கருவியைக் கொடுத்தனுப்பினவளுக்குத்தான் அது கிழவியான பிறகும் மறக்கவில்லை. அவன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் 2022-ல் காலமானார். அந்தக் காட்சியில் அவர் குரலை எவ்வளவு தணித்திருக்கிறார் என்று எழுத நினைத்துதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. "ராத்திரித் துணைக்கு நான்தான். வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் பார்ப்பேன்."

வராந்தாவில் ஏன் இருக்கிறீர்கள்?

1994-ல் என் அத்தையை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். எனக்கு 24 வயது. அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது, என்னை வளர்த்தவள். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், புரிந்துதான் ஓடினேன்.

மதுரைக்குக் கொண்டுபோனால் பிழைத்துவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். போதுமே. எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று மூன்று பேருக்குப் போன் செய்தேன். வேன் பேசினேன். ஒரு பெரிய மனிதரிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு ஆள் அனுப்பினேன். எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படியில் எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ. எதிரில் வந்த ஒரு சொந்தக்காரர், "பையன் எப்படி ஓடியாடிச் செய்றான் பாரு" என்றார். அது காதில் விழுந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அத்தை போனபோது நான் ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டது. கடைக்காரர் மூடியைத் திறந்து, கசங்கிய தாளை ஓரத்தைப் பிடித்து மெதுவாக உருவினார். அவர் விரல் நுனியில் இருந்த மை இப்போதும் கண்ணில் நிற்கிறது. அத்தையின் கடைசி முகம் எனக்குத் தெரியாது, அந்த விரல்தான் தெரியும்.

அத்தை பக்கத்தில் இருந்தது பக்கத்துக் கட்டிலின் அம்மாள். தன் வீட்டுக்காரருக்குத் துணைக்கு வந்தவர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார், மூடி தொலைந்த பிளாஸ்க்கின் வாயில் துணியை அடைத்து வைத்திருப்பார். நாலு நாளில் அவரிடம் நான் பேசியது, கொஞ்சம் பார்த்துக்கோங்க என்ற ஒரே வார்த்தை. நான் மேலே வந்தபோது அத்தையின் கையை அவர் இன்னும் விடவில்லை. "தண்ணி கேட்டாக, குடுத்தேன். தம்பி எங்கன்னாக. இந்தா வந்துருவான்னேன். கையைப் புடிச்சுக்கிட்டாக. பெறகு ஒண்ணும் கேக்கல" என்றார். என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்த் தன் வீட்டுக்காரரின் போர்வையைச் சரிசெய்தார்.

துணைப்பாத்திரங்கள் பற்றி அத்தனை பக்கம் எழுதினேனே, அந்த அம்மாளின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. 2005-க்குப் பிறகு எப்போதோ, யாரோ விட்டுப்போன சிடியில் அந்த ஊஞ்சல் காட்சியைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் ஏஸ் அல்ல.

பக்கத்தில் உட்காருவது சும்மா இருப்பது இல்லை, தம்பி. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஓடுகிறவனுக்குக் களைப்பு இருக்கிறது, களைப்பே ஒரு சமாதானம். உட்காருகிறவனுக்கு அது கிடையாது. மூச்சு எண்ண வேண்டியிருக்கும். சொன்னதையே சொல்வார்கள், செத்துப்போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கொஞ்சம் நாறும். கையைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் நம் கை மரத்துப்போகும், எடுக்கவும் மனசு வராது. அதனால்தான் டாக்டர் ஃபேட் வரட்டும், ஜான் ஜோன்ஸ் வரட்டும், மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்கிறோம். நீங்கள் வராந்தாவில் இருந்து கேட்கிற கேள்வியும் ஜெராக்ஸ் கடையில் நான் நின்றதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. அநியாயமாகச் சொல்கிறேனோ என்னவோ. அப்பத்தாவுக்கு என்ன உடம்பு என்று நீங்கள் எழுதவில்லை. காய்ச்சலாக இருக்கலாம், அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து உங்களை ஏசிக்கொண்டிருக்கலாம். அப்படியே ஆகட்டும். அப்போது என்னைத் திட்டி இன்னொரு கடிதம் போடுங்கள், அதையும் வெளியிடுகிறேன்.

இன்றைக்கு ராத்திரி ஃபோனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். உட்கார ஸ்டூல் கேட்டால் இல்லை என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள், ஊசி போடுகிற அறையில் ஒன்று இருக்கும். பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள், பெயரோடு.

ஜான் ஜோன்ஸ் விஷயத்தை அப்புறம் பேசலாம்.