பாயை விரிங்க, பையனை எறக்கி விடுங்க

கேள்வி: என் பையனுக்கு 10 மாசம் முடிஞ்சு 11 நடக்குது. நல்லா உக்காருறான், ஆனா தவழவே இல்ல, எதையும் பிடிச்சு நிக்கவும் மாட்டேங்கிறான். எதிர்வீட்டு பாப்பா 10 மாசத்துலயே நடந்துட்டா. நாங்க மாடி வீடு, டைல்ஸ் தரை ஜில்லுனு இருக்கும், விழுந்துடுவான்னு மாமியார் தூக்கியே வச்சிருப்பாங்க, மத்த நேரம் கட்டில், இல்லேன்னா வாக்கர். பையனுக்கு ஏதாவது குறை இருக்குமா மேடம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பயப்படாதீங்கம்மா. நீங்க எழுதுனதுல இடுப்பு, கட்டில், வாக்கர் எல்லாம் வருது, அவன் தரையில கிடந்து புரளுற நேரம்தான் எங்கயும் வரல. குப்புறப் படுத்து, கையை ஊனி, வயித்தால நகந்து பாத்தாதான தோளும் இடுப்பும் பலமாகும், தூக்கியே வச்சிருந்தா அதுக்கு வாய்ப்பு எங்க?

எதிர்வீட்டு பாப்பாவை விட்டுடுங்க. உலக சுகாதார நிறுவனம் நம்ம நாடு, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு 5 நாட்டு குழந்தைங்கள பாத்து 2006-ல சொன்ன கணக்குப்படி, தனியா நடக்குறது 8 மாசத்துலயும் வரலாம், பதினேழரை மாசத்துலயும் வரலாம், ரெண்டுமே நார்மல்தான். 100-க்கு 4 குழந்தைங்க முட்டி போட்டு தவழாமலே நடந்துடுறாங்க. ஆனா பிடிச்சு நிக்கிறதுக்கு அதே கணக்குல கடைசி எல்லை பதினொன்றரை மாசம், உங்க பையன் அதுக்கு கிட்ட வந்துட்டான், அதனால இந்த மாசமே குழந்தைகள் டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்க.

வாக்கரை இன்னைக்கே எடுத்து உள்ள வச்சிடுங்க, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அதுல உக்காந்துக்கிட்டு கால் விரலால தள்ளுறானே தவிர தன் வெயிட்டை அவன் தாங்குறது இல்ல, நடையும் அதனால சீக்கிரம் வராது. உங்களுது மாடி வீடு வேற, ஒரு நிமிஷம் கதவு திறந்திருந்தா படிக்கட்டு. கனடாவுல 2004-லயே இதை விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. நம்ம மர நடைவண்டி அப்படி இல்ல, அதை குழந்தை தன் கால்ல நின்னு தள்ளணும், பிடிச்சு நிக்க ஆரம்பிச்சதும் பக்கத்துலயே இருந்து தள்ள விடுங்க.

தரை ஜில்லுன்னா பாயோ ஜமுக்காளமோ விரிங்க, சாக்ஸ் வேணாம், வெறுங்கால்தான் வழுக்காம பிடிக்கும். அவனுக்குப் பிடிச்ச டம்ளரை கைக்கு எட்டாத தூரத்துல வைங்க, கொஞ்சம் அழுவான், உடனே எடுத்துக் குடுத்துடாதீங்க. மாமியார்கிட்ட சண்டை வேணாம், பாவம் அவங்க பாசத்துலதான் தூக்குறாங்க, அவங்களையே பாயோட அந்தப் பக்கம் உக்காந்து கூப்பிடச் சொல்லுங்க, முட்டி வலின்னா சேர்ல உக்காரட்டும், அவங்க முட்டியைப் பிடிச்சுதான் மொதல்ல எந்திரிப்பான் பாருங்க.

ஒரு பக்கத்து கை காலை மட்டும் யூஸ் பண்றான், உடம்பு விறைப்பா இல்லேன்னா துவண்டு இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, செஞ்சிட்டு இருந்தது ஏதாவது நின்னுபோச்சு, இதுல ஒண்ணு இருந்தாக்கூட அது வீட்டுச் சூழலால வந்ததுன்னு நினைச்சு காத்திருக்காதீங்க. பல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே டி.இ.ஐ.சி.னு தனிப் பிரிவு இருக்கு, பணம் எதுவும் கட்ட வேண்டியதில்ல.

கேள்வி: பொண்ணுக்கு ஒன்றரை வயசு. 'அம்மா'ன்னு மட்டும்தான் சொல்றா. போன்ல பாட்டு போட்டாதான் ஒரு வாய் வாங்குறா. பேச்சு தானா வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க, விடலாமா?
- ஒரு தாய், மதுரை

பதில்: விடாதீங்க. மொதல்ல காது டெஸ்ட், டாக்டர்கிட்ட எழுதி வாங்கி இந்த வாரமே எடுங்க. போன் பாடும், ஆனா அவ 'ங்கா'ன்னா திருப்பி 'ங்கா'ன்னு சொல்லாது, பேச்சு வர்றதே அந்த பதிலுக்கு பதில்லதான். 2 வயசுக்கு முன்னாடி ஸ்க்ரீன் வேணாம்னு உலக சுகாதார நிறுவனமும் 2019-ல சொல்லியிருக்கு. நிறுத்துன மொத ரெண்டு மூணு நாள் சாப்பாடு குறையும், அழுவா, தாங்கிக்கோங்க. மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போங்க, காக்கா, நிலா, கொடியில காயுற அப்பா சட்டைன்னு ஒண்ணொண்ணா காட்டி பேர் சொல்லி ஊட்டுங்க, சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்தி அவ வாயையே பாருங்க, ஏதாவது சத்தம் வரும். டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்க.