முதலை இருக்கட்டும்

கேள்வி: அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டுக்குக் கேம்பிரிட்ஜ் சுவரில் முதலையைச் செதுக்கி வைத்திருக்கிறார்களாமே! மாமேதைக்கு இதுவா மரியாதை? எலெக்ட்ரான்கள் சுற்றும் அணுவைக் கையில் ஏந்திய வெண்கலச் சிலை வைத்திருக்கலாமே? – வாசகர், தேனி

பதில்: வைத்திருந்தால், அவர் சொல்லாத ஒன்றை அவர் கையிலேயே கொடுத்த பாவம் சேர்ந்திருக்கும். 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்த கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளை நோக்கி, கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை ஊடுருவிப் போயின. ஆயிரக்கணக்கில் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. இதிலிருந்து 1911இல் ரூதர்ஃபோர்டு எடுத்துச் சொன்னது, அணுவின் நடுவே சின்னஞ்சிறு கரு, மற்றது பெரும்பாலும் வெறும் வெளி என்பதைத்தான். தங்க அணுவின் அகலம் அதன் கருவைப் போல் ஏறக்குறைய 20,000 மடங்கு. சிலையின் கையில் 20 செ.மீ. அணு இருந்தால், கரு 0.01 மி.மீ. தான், தலைமுடியைவிட மெல்லிசு. கருவை 1 செ.மீ. உருண்டையாக வார்த்தால் வெளி எலெக்ட்ரானை 100 மீட்டர் தள்ளி நட வேண்டும். எலெக்ட்ரான்களுக்குத் திட்டமான சுற்றுப்பாதை வகுத்தவரும் ரூதர்ஃபோர்டு அல்லர்; அது 1913இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் செய்த வேலை.

முதலைக்கு வருவோம். அது கேலி இல்லை. 1921இல் ரஷ்யாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்து ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்த இயற்பியலாளர் பியோத்தர் கபிட்சா தன் ஆசானுக்கு வைத்த செல்லப்பெயர் அது. முதலைக்குக் கழுத்து திரும்பாது, வாயைத் திறந்தபடி முன்னே மட்டும் போகும், அறிவியலும் அப்படித்தான் என்று அவரே விளக்கம் சொன்னார். கபிட்சாவின் ஆய்வுகளுக்காக பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 15,000 பவுண்டு கொடுத்துக் கட்டிய மோண்ட் ஆய்வகம் 1933 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் வாசலருகே செங்கல் சுவரில் ஆங்கிலச் சிற்பி எரிக் கில் உளியால் கோடு இழுத்து முதலையை வரைந்தார்.

அந்த வேலையின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கருங்கல் ஒரே பாளம். செங்கல் சுவரிலோ கோடு ஒரு கல்லில் தொடங்கிச் சாந்தைத் தாண்டி அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். சாந்தருகே அடி கொஞ்சம் பலத்தால் கல்லின் மூலை பெயர்ந்துவிடும். ஒட்டி மறைக்க வழியில்லை. சூளையில் இறுகிய மேல்தோலை உளி கிழித்ததும் உள்ளே மழைநீர் இறங்கும். குளிரில் அது உறைந்து சுமார் 9 சதவீதம் பெருத்துக் கல்லை உதிர்க்கும். இப்படிப்பட்ட சுவரைப் பழுது பார்க்கிறவர்கள் சிமெண்ட் வைத்துப் பூசினால் கேடுதான். சிமெண்ட் கல்லைவிட இறுக்கமாக இருந்தால், ஈரம் அதன் வழியே வெளியேறாமல் கல்லின் வழியே வெளியேறி முகத்தையே பெயர்க்கும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது.

மனித முகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் உண்டு. அதே கட்டடத்துக்குள் ரூதர்ஃபோர்டின் முகத்தைப் புடைப்புச் சிற்பமாகக் கில் செதுக்கினார். சண்டை வந்தது அதற்குத்தான், முதலைக்கு அல்ல! மூக்கு சரியில்லை, எடுத்துவிடுங்கள் என்று சிலர் கிளம்பினார்கள். ரூதர்ஃபோர்டோ தனக்குக் கலை தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். கபிட்சா நீல்ஸ் போரிடம் கருத்துக் கேட்டார். சிற்பம் நன்றாக இருக்கிறது என்று போர் எழுதினார். சிற்பம் தப்பியது. நன்றியாக அதன் படி ஒன்றைக் கில்லிடமே செய்யச் சொல்லிக் கோபன்ஹேகனுக்குப் போருக்கு அனுப்பிவைத்தார் கபிட்சா.