நொதியம் தெளித்தால் கிரவல் வீதியின் புழுதி அடங்குமா?

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் எங்கள் வீடு கிரவல் வீதி ஓரத்தில் இருக்கிறது. கச்சான் காற்று தொடங்கினால் புழுதி தாங்க முடியாது. நொதியம் (என்சைம்) தெளித்து மண்ணைக் கல்லாக இறுக்கும் முறை ஒன்று இருக்கிறதாமே, நாமே செய்து பார்க்கலாமா?

பதில்: செய்து பார்க்கலாம், வீதியில் மட்டும் வேண்டாம்.

முறை உண்மையானதுதான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹம்தானும் கவாசன்ஜியனும் புழுதியைக் கட்டுப்படுத்தவென்றே இதைச் சோதித்து 2016இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். யூரியாவையும் கல்சியம் குளோரைட்டையும் நீரில் கரைத்து, யூரியேசு என்ற நொதியத்தைச் சேர்த்து மண்ணில் தெளிப்பார்கள். நொதியம் யூரியாவை உடைக்க, அமோனியமும் காபனேற்றும் வரும். காபனேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சுண்ணக்கல்லாகி, மணல்மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பக்டீரியா வளர்த்துச் செய்யும் முறையும் உண்டு. நொதியத்துக்கு அந்தப் பராமரிப்பு தேவையில்லை.

யூரியேசு அவரை இனத்து விதைகளில் நிறையவே இருக்கிறது. ஜேம்ஸ் சம்னர் 1926இல் ஜாக் பீன் என்ற அவரையிலிருந்து அதைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, நொதியம் புரதமே என்று காட்டினார். 1946இல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. நமக்குப் பச்சைச் சோயா விதை போதும். அரைத்து, ஊறவைத்து, துணியில் வடிக்க வேண்டும். கடையில் விற்கும் சோயா மீட் உதவாது. சூடுபட்டதில் நொதியம் செத்துவிட்டிருக்கும்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிப்பவன். கல்லடிக் கடற்கரை மணலை ஒரு தட்டில் பரப்பி மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவதுண்டு. கரைசல்கள் சேர்ந்ததும் பால்போல் வெளுக்கும், சற்று நேரத்தில் ஆய்வுகூடமே மூத்திர நாற்றம் அடிக்கும். காய்ந்த பிறகு நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும். மின்விசிறியை நேரே திருப்பினாலும் மணல் பறக்காது. பெருவிரலால் அழுத்தினாலோ மேற்படை நொறுங்கி, அடியில் பழைய மணல் அப்படியே கிடக்கும்.

உங்கள் வீதியின் கதையும் இதுதான். காற்றைத் தாங்கும் மெல்லிய படை, மணல் ஏற்றிய டிப்பரின் சில்லைத் தாங்காது. தடித்த படையாக ஆழம்வரை இறுக்கலாமே என்றால், கணக்கைப் பாருங்கள்: 60 கிராம் யூரியாவும் 111 கிராம் கல்சியம் குளோரைட்டும் முழுதாகத் தாக்கமுற்றால் கிடைப்பது 100 கிராம் சுண்ணக்கல். கூடவே 107 கிராம் அமோனியம் குளோரைட்டு! நமக்கு வேண்டிய பொருளைவிட வேண்டாத பொருள் அதிகம். மாரி மழையில் அது கரைந்து இறங்கும், மண்ணிலுள்ள பக்டீரியா அதன் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கத்து மணல் நிலத்தில் கிணற்று நீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே இதைத் தாராளமாக ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பசளைக் கணக்கும் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது யூரியாவுக்கு அலைந்த விவசாயியிடம் போய், அதை ரோட்டில் ஊற்றப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

ஆளும் மாடும் மிதிக்காத இடமென்றால் பேச்சு வேறு. கட்டட வேலைக்குக் குவித்து மாதக்கணக்கில் கிடக்கும் மணல்மேடு, வெட்டிப்போட்ட வெறும் சரிவு போன்றவற்றில், கிணற்றிலிருந்து எட்ட, மெல்லியதாகத் தெளித்துப் பார்க்கலாம். மேற்படை உடைந்தால் மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும்.

வீதிக்கு எனக்குத் தெரிந்த மலிவான வழி வேகத்தைக் குறைப்பதுதான். வாகனம் மெதுவாகப் போனால் புழுதி கண்கூடாகக் குறையும். ஊரார் சேர்ந்து பிரதேச சபைக்கு எழுதி, வீடுகள் நெருங்கிய இடத்தில் இரண்டு வேகத்தடை போடச் சொல்லுங்கள். மணல் லொறிகள் படங்கு மூடிப் போகவேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். கச்சான் மாதங்களில் காலையும் பின்னேரமும் பவுசரில் தண்ணீர் அடித்தால் அன்றைய பொழுது சமாளிக்கலாம்.