நோ போனதும் கிரவுண்டுக்கு ஓடாதீர்கள்

விளையாட்டுக் காயங்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

உப்புவெளி உதைபந்தாட்டக்காரர்: சேர், இந்த வருடம் மூன்றாவது தடவையாகக் கணுக்கால் மடங்கிவிட்டது. எந்த ஆங்கிள் கார்ட் நல்லது?

அளவான எதுவும் சரி. ஆனால் முதல் தடவை வீக்கம் வற்றியதோடு பயிற்சியை விட்டிருப்பீர்கள், பிழை அங்கேதான். ஒற்றைக்காலில் நில்லுங்கள். 30 விநாடி ஆடாமல் நிற்க முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் தலையணை மேல். குதி தூக்கும் பயிற்சியும் வேண்டும். ஒன்றரை மாதமாவது தினமும். இந்தமுறை மடங்கியதும் நாலடி நடக்க முடியவில்லை என்றால், அல்லது கணு எலும்பை அமத்தினால் நோகுதென்றால், முதலில் எக்ஸ்ரே.

கிண்ணியா: தொடையில் இடிபட்டுக் கண்டிப்போயிருக்கு. எண்ணெய் போட்டு உருவலாமா?

வேண்டவே வேண்டாம். கண்டிய தசையை அழுத்தி உருவினால் அதற்குள் எலும்பு வளரலாம். முதல் நாள் முழங்காலை மடித்து வைத்து ஐஸ். பிறகு நோகாத அளவுக்கு மடக்கி நீட்டுங்கள்.

திருகோணமலை நகர்: முழங்காலுக்குள் அறுந்த தசைநாருக்கு (ஏ.சி.எல்) ஒப்பரேசன் செய்து 5 மாதம். நோவே இல்லை. அடுத்த மாதம் ஏகாம்பரம் மைதானத்தில் சுற்றுப்போட்டி. கடைசி 20 நிமிடம் மட்டும் இறங்கச் சொல்கிறார் கோச். இறங்கலாமா?

இறங்காதே தம்பி. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உன்மேல் அல்ல, 20 நிமிடம்தானே என்று சொல்கிறவர்மேல். அறுந்ததற்குப் பதிலாகப் பொருத்திய நாண் முதல் மாதங்களில் நலிந்து, இரத்த ஓட்டம் ஏறி, மெல்ல மெல்லத்தான் புதிய தசைநாராக மாறும். அது பலமில்லாமல் இருக்கும்போதும் நோகாது. அதனால்தான் நோ போனதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். 9 மாதத்துக்கு முன் இறங்குகிறவர்களுக்கு மறுபடி முழங்கால் போகும் ஆபத்து பல மடங்கு.

9 மாதம் ஆனாலும் அது மட்டும் காணாது. ஒற்றைக்காலில் பாயும் தூரமும், முன்தொடைத் தசையின் பலமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 வீதமாவது வரவேண்டும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியக்கூடாது. அதற்குப் பிறகு அணியோடு முழுப் பயிற்சி, கடைசியாகத்தான் மெட்ச். கோச்மாரே, ஓடும் வேகத்தில் ஒரே ஒரு தடவை வெட்டித் திரும்பினால் போதும், அந்த நாண் அறுந்துவிடலாம். கூடவே முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழியலாம். கிண்ணத்துக்காக ஒரு பிள்ளையின் காலை அடகு வைக்காதீர்கள்.

பெயர் இல்லை: கால் நோகுது, என்ன எக்சர்சைஸ்?

எந்த இடம்? எப்போதிருந்து? ஓடும்போதா, படியேறும்போதா? வயதைக்கூட எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

நிலாவெளி, 42 வயது: காலையில் குதிக்கு மேல் நரம்பு இறுகி நோகிறது. கடற்கரை மணலில் ஓடினால் நல்லதா?

இல்லை, பொலபொல மணலில் குதி புதைந்து, நீங்கள் நரம்பு என்று சொல்லும் அந்த நாணை இன்னும் இழுக்கும். ஓட்டத்தைக் குறைத்து, கெட்டியான சமதரைக்கு வாருங்கள். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து இரண்டு காலாலும் உயர்ந்து, நோகிற காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். 15 தடவைப்படி 3 சுற்று, காலையும் மாலையும், 12 கிழமை. கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை கூடினால் குறையுங்கள். இடையில் நோ போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

மூதூர் அம்மா: மகனுக்கு 13 வயது. முழங்காலுக்குக் கீழே முட்டுப்போல் வீங்கி நோகிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடலாமா?

வளரும் வயதில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு அம்மா, பெரும்பாலும் வளர்ச்சி முடிய அடங்கும். நொண்டாத அளவுக்கு ஓடட்டும். இரவில் நோவால் எழும்பினால், காய்ச்சலும் இருந்தால், டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஓட்டம்.