எஸ்மா அல்ல, இஸ்குஹி

அன்புள்ள சார்,

துருக்கி எழுத்தாளர்கள் ஆர்மீனியப் படுகொலையைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகு அங்கே மனமாற்றம் வந்ததா? இலக்கியத்தால் அது முடியுமா? இரு தரப்புத் துயரையும் பரிவோடு, சமமாகச் சொல்லும் நாவல் ஒன்றைச் சொல்லுங்களேன்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

‘சமமாக’ என்ற சொல்லைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. 1915இல் ஊர் ஊராக ஆர்மீனிய மக்களைக் கிளப்பி சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டது துருக்கியை அன்று ஆண்ட ஒட்டோமான் அரசு. நடந்தவர்கள் வழியிலேயே செத்தார்கள். இதில் எந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்? போரில் துருக்கியரும் செத்தார்களே என்பீர்கள். செத்தார்கள். அது வேறு கணக்கு. நாவல் பட்டியல் இன்னொரு நாள்.

உங்கள் கடிதம் வந்தபோது ஃபெத்தியே சேத்தினின் நூலைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். 2004இல் வந்தது. நாவல் அல்ல, ஒரு துருக்கி வக்கீல் தன் அம்மாச்சியைப் பற்றி எழுதியது. (அம்மாவின் அம்மாவுக்கு நம்மைப் போலவே துருக்கியிலும் தனிச்சொல் உண்டு. அதுதான் தலைப்பு.)

தொடக்கமே அம்மாச்சியின் இறுதிச்சடங்கு. இறந்தவரின் தாய் தந்தை பெயரைக் கேட்கிறார்கள். எஸ்மா, ஹுசைன் என்று சொல்கிறார்கள். பேத்திக்குக் கத்தவேண்டும் போலிருக்கிறது. அம்மா பெயர் இஸ்குஹி. அப்பா பெயர் ஹொவான்னெஸ். செஹர் என்று ஊரறிந்த அந்தக் கிழவி, ஹபாப் கிராமத்து ஆர்மீனியச் சிறுமி ஹேரானுஷ். முதல்முறை வாசித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

ஹுசைன் யார் தெரியுமா? நடைப்பயணத்தில் தாயின் கையிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்ட போலீஸ்காரர். எஸ்மா அவர் மனைவி. பிள்ளையில்லாதவர்கள். ஹுசைன் அவளிடம் பிரியமாகவே இருந்தார், அவளும் அப்பா என்றே கூப்பிட்டாள். இப்போது சொல்லுங்கள், யார்மேல் உங்களுக்குப் பரிவு வரவேண்டும்? பிடுங்கியவரும் வளர்த்தவரும் ஒரே ஆள். அடுத்த வீட்டுக்காரனின் துக்கத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பதைத்தான் நீங்கள் பரிவு என்கிறீர்கள். அங்கே வேலியே கிடையாது. வருஷத்தில் ஒருநாள், செஹரைப் போலவே முஸ்லிமாக வளர்க்கப்பட்ட சில ஆர்மீனியக் கிழவிகள் பின்னல் ரொட்டி சுட்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள். அது ஈஸ்டர் ரொட்டி என்பது அதைத் தின்று வளர்ந்த பேத்திக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அம்மாச்சி போனதும் அவருடைய உண்மையான பெயர்களோடு பேத்தி ஓர் அஞ்சலி அறிவிப்பு கொடுத்தார், ‘அகோஸ்’ வாரப் பத்திரிகையில். அகோஸ் என்றால் ஆர்மீனிய மொழியில் உழவுசால். அந்த நாலு வரி அமெரிக்காவிலிருந்த உறவினர் வரை போய்ச் சேர்ந்தது. இலக்கியத்தால் முடியுமா என்றீர்களே, எனக்கு அந்த நாலு வரியே போதும்.

அகோஸின் ஆசிரியர், ஆர்மீனியரான ஹ்ரான்ட் டிங்கை 2007 ஜனவரி 19 அன்று பத்திரிகை அலுவலக வாசலிலேயே சுட்டுக்கொன்றார்கள். அவர் குடும்பத்துக்காக வழக்காடியவர் இதே சேத்தின். இறுதி ஊர்வலத்தில் ‘நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்கள்’ என்ற அட்டைகளைப் பிடித்துக்கொண்டு இஸ்தான்புல் தெருக்களில் ஒரு லட்சம் பேர் நடந்தார்கள். அதில் எத்தனை பேர் வீட்டில் ஒரு செஹர் இருந்தாரோ.